இரண்டு கோடிச் சொடுக்குகள்

1

ஒரு பொருளின் ஆயுளை யார் நிர்ணயிக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு ஒரு மவுஸின் மூலமாக வந்தது. கேள்வி பெரியது, வந்த வழி அற்பம். இதற்காக நான் வெட்கப்படவில்லை. தத்துவப் பிரச்னைகள் தத்துவ நூல்களின் வழியாக மட்டுமே வந்துசேரும் சூழலில் அவை பிரச்னைகளாக இராமல் மேற்கோள்களாகத் தங்கிவிடுகின்றன. நமக்கு அந்த அனுபவம் போதுமான அளவு உண்டு.

என் அக்காள் மகனுக்குப் பதினேழு வயது. கணினியில் விளையாடுகிறவன். விளையாட்டுக்கென்றே தயாராகும் மவுஸ் ஒன்றை ஆயிரத்தெண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருந்தான். பதினான்கு மாதத்தில் அதற்கு ஒரு நோய் வந்தது. "மாமா, ஒரு தடவ அமுக்குனா ரெண்டு தடவ விழுது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிருவோம்" என்றான். முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவது வாக்கியத்திற்கு அவன் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம்தான் என்னை உறுத்தியது. இடையில் எந்த யோசனையும் நிகழவில்லை. நோய் என்ற சொல்லுக்கு மரணம் என்பது பொருளாகிவிட்டிருந்தது.

மவுஸ் வந்த அட்டைப்பெட்டியை அவன் பத்திரமாக வைத்திருந்தான். பொருளைவிடப் பெட்டியை நன்றாகப் பேணும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பெட்டியின் மேல் அந்தப் பொத்தான் 2 கோடிச் சொடுக்குகளைத் தாங்கும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தில், பொடி எழுத்தில், உத்தரவாதம் ஒரு வருஷம் என்று இருந்தது.

வங்கிக் குமாஸ்தா எண்களைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பையன் தினம் மூன்று மணி நேரம் விளையாடுகிறான். மணிக்கு இரண்டாயிரம் தடவை அழுத்துகிறான் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டேன். நாளுக்கு 6,000. பதினான்கு மாதத்தில் சுமார் 25 லட்சம். சொன்ன ஆயுளில் எட்டில் ஒரு பங்குதான் ஆகியிருந்தது. 2 கோடியையும் அவன் செலவழித்திருக்க வேண்டுமானால் ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். மாறாக, உத்தரவாதம் உள்ள ஒரு வருஷத்திற்குள் செலவழிக்க வேண்டுமென்றால் தினம் 54,795 தடவை அழுத்த வேண்டும். ஆக, ஒரே கம்பெனி ஒரே பொருளுக்கு இரண்டு ஆயுள் எழுதியிருக்கிறது. ஒன்று, வாங்குகிறவன் படிக்க. மற்றது, வழக்கு வந்தால் வக்கீல் படிக்க. முன்னதை நம்பிப் பணம் கொடுக்கிறோம். பின்னதை வைத்துத்தான் நம்மிடம் பேசுவார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது அவ்வளவு சுலபமில்லை என்று பொத்தானைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது.

2

மவுஸின் பொத்தானுக்குக் கீழே கட்டைவிரல் நகத்தளவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ஓம்ரான் போன்ற கம்பெனிகள் கோடிக்கணக்கில் செய்வது. அதற்குள் செம்புக் கலவையாலான மெல்லிய தகடு ஒன்று வளைந்து இறுகி நிற்கிறது. விரல் அழுத்தும்போது அது ஒரு முனையை விட்டு இன்னொரு முனைக்குப் பட்டென்று தாவுகிறது. நாம் கேட்கும் 'டிக்' அந்தத் தாவலின் சப்தம்.

தாவிய தகடு உடனே நிலைகொள்வதில்லை. தரையில் விழுந்த கோலி போலச் சில மில்லி வினாடிகள் துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலும் மின்சாரத்தின் பாஷையில் ஒரு தனி அழுத்தல். இதை மவுஸைச் செய்தவர்கள் அறிவார்கள். அதனால் முதல் தொடுகைக்குப் பிறகு சிறிது நேரம் எதையும் பொருட்படுத்தாமல் காத்திருக்கும்படி அதன் மூளைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தகடு தளர்ந்தாலோ, தொடுமுனையில் ஆக்சைடு படலம் படிந்தாலோ நடுக்கம் நீள்கிறது. காத்திருக்கும் நேரத்தை நடுக்கம் தாண்டும் நாளில் ஒன்று இரண்டாகிவிடுகிறது.

படலம் ஏன் படிகிறது என்பதற்கு மின்னணு வேலை தெரிந்தவர்கள் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. கூடுதல் மின்சாரம் ஓடும் சுவிட்சில் ஒவ்வொரு தொடுகையிலும் சிறு பொறி எழுந்து படலத்தை எரித்துவிடும். மவுஸில் ஓடும் மின்சாரம் மிகச் சொற்பம்; பொறி எழுவதில்லை; முனை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள முடிவதில்லை. பொறி இல்லாததால் சாகும் ஒரு பொருளைப் பற்றி, பொறியால் பிழைத்து, பொறியால் சாகும் ஊரில் உட்கார்ந்து படித்தேன்.

2 கோடி என்ற எண் முழுப் பொய்யும் அல்ல. வரையறுத்த நிலைமைகளில், வரையறுத்த வேகத்தில், வரையறுத்த விசையில் இயந்திரம் அழுத்திப் பார்த்த எண் அது. வியர்வை அதில் இல்லை. முறுக்கு தின்ற விரல் இல்லை. தோற்றுப்போன ஆத்திரத்தில் மேஜையில் குத்தும் பதினேழு வயது இல்லை. வாழ்க்கை கழிக்கப்பட்ட ஆயுள் அது. அண்மைக் காலத்தில் உலோகத் தொடுகையே இல்லாமல் ஒளிக்கற்றையை மறித்து வேலை செய்யும் சுவிட்சுகள் வந்துவிட்டன. அவற்றுக்கு 7 கோடி, 9 கோடி என்று எழுதுகிறார்கள். இரட்டைச் சொடுக்கு நோய் அவற்றுக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் சுவிட்ச் 9 கோடி தாங்கும்போது சக்கரம் தாங்குவதில்லை. கம்பி மடிந்த இடத்தில் அறுகிறது. கம்பியில்லாத மவுஸில் லித்தியம் மின்கலம் சில நூறு தடவை முழுதாக நிரம்பி வடிந்தபின் சோர்கிறது. பக்கவாட்டு ரப்பர், தொடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும், சில வருஷங்களில் பிசுபிசுத்துவிடுகிறது. ஒரு பொருளின் ஆயுள் அதன் பலவீனமான உறுப்பின் ஆயுள். அந்த உறுப்பைப் பெட்டியில் அச்சிடுவதில்லை.

அதைக் காப்பாற்றும் வழிகளோ மிக எளியவை. கையைக் கழுவிவிட்டுத் தொடுவது. வேலை முடிந்தபின் உலர்ந்த துணியால் துடைப்பது. வாரம் ஒருமுறை இணைப்பைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, நேராக மவுஸின் மேல் தெளிக்காமல், அழுக்கு சேரும் விளிம்புகளை ஒற்றி எடுப்பது. அடியிலுள்ள ஒளித்துளையைக் காதுக்குப் பஞ்சு சுற்றிய குச்சியால் லேசாகத் துடைப்பது. சக்கரத்தின் இடுக்கில் தூசியை ஊதி எடுப்பது. கம்பியை உடம்பில் இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக வளைப்பது. கம்பியில்லாததானால் மின்கலத்தை முற்றாக வடியவிடாமலும், வெயில்படும் ஜன்னலில் வைக்காமலும் இருப்பது. அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பாதங்கள், எண்ணெய் ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான்தான், தேய்ந்தால் அவற்றை மட்டும் மாற்றுவது. சுவிட்சில் எண்ணெய் விடாமல் இருப்பது. இதை இங்கே சொல்லியாக வேண்டும், கீச்சிடும் எதற்கும் எண்ணெய் விடும் ஊர் இது.

பெரும்பாலான மவுஸ்களில் திறப்பதற்கான திருகாணிகள் அந்தப் பாதங்களுக்கு அடியில் மறைந்திருக்கின்றன. உள்ளே போக வேண்டுமானால் முதலில் பாதத்தைப் பிய்க்க வேண்டும். பிய்த்தால் திரும்ப ஒட்டாது. பழுது பார்ப்பவன் ஒரு சிறிய சேதத்தைச் செய்துதான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. இதை வடிவமைத்தவன் தீயவன் என்று நான் சொல்லவில்லை. திறக்கப்படும் ஒரு நாளை அவன் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நமது காலத்தின் அறவீழ்ச்சிகள் பலவும் இவ்வளவுதான்.

3

நான் விருதுநகரில் இருந்து தினம் ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குப் பஸ்ஸில் போய் வருகிறவன். நீடிக்காத பொருள்களைச் செய்து நீடித்திருக்கும் பூமி இது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து, இங்கு தயாராகிறவற்றில் முக்கியமானவை மூன்று: தீக்குச்சி, பட்டாசு, காலண்டர். குச்சிக்கு ஆயுள் சில வினாடி. பட்டாசுக்கு அதைவிடக் குறைவு. காலண்டருக்கு ஒரு வருஷம்; அதுவும் தினம் ஒரு தாள் கிழிபடும் வருஷம்.

நீடிப்பதுதான் நல்லது என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இங்கு வந்து பேச வேண்டும். எரியாத தீக்குச்சி நீடிக்கிறது. நமத்துப்போன வெடி நீடிக்கிறது. இரண்டும் குப்பை. தீக்குச்சியின் பூரணம் அதன் அழிவில் இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு நீடிப்பு வேண்டும்: உரசப்படும் கணம்வரை கெடாமல் காத்திருக்கும் நீடிப்பு. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டையும் பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸையும் தனித்தனியே வைத்திருப்பது அதற்காக. மழை குறைந்த இந்தக் கரிசல் காட்டைத் தொழில் பிடித்துக்கொண்டதும் அதற்காகத்தான். காத்திருத்தலில் உறுதி, செயலில் அழிவு. இது ஒரு நேர்மையான ஒப்பந்தம். பெட்டியில் 50 குச்சி என்றால் 50 தடவை. 2021 டிசம்பரில் பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானபோது குச்சிகளை 36இலிருந்து 50 ஆக்குவதாகச் சொல்லித்தான் ஏற்றினார்கள். ஒரு மவுஸ் பெட்டி வாக்களிக்கும் 2 கோடிச் சொடுக்குகள் 4 லட்சம் தீப்பெட்டிகளுக்குச் சமம். இரண்டு ரூபாய்ப் பொருள் தன் எண்ணுக்குப் பொறுப்பேற்கிறது. ஆயிரத்தெண்ணூறு ரூபாய்ப் பொருள் ஏற்பதில்லை.

ஹன்னா ஆரெண்ட் 1958இல் வெளியான 'மனித நிலை' நூலில் நுகரப்படும் பொருள்களுக்கும் பயன்படுத்தப்படும் பொருள்களுக்கும் இடையே ஒரு கோடு போடுகிறார். ரொட்டி நுகரப்படுவது, மேஜை பயன்படுவது. ரொட்டி உயிரின் சுழற்சியைச் சேர்ந்தது. மேஜையோ மனிதன் வந்து போகும் உலகத்தைச் சேர்ந்தது. அவனைவிட நிலையாக நின்று அவனுக்கு ஒரு இடத்தைத் தருவது. நவீன வாழ்க்கை மேஜையையும் ரொட்டியைப் போலத் தின்னத் தொடங்கிவிட்டது என்பது அவருடைய கவலை. சிவகாசியை வைத்துப் பார்த்தால் இந்தக் கோடு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தீக்குச்சி ரொட்டியின் இனம். அதை வெட்கமின்றிச் சொல்லிக்கொள்கிறது. மவுஸ் தீக்குச்சியாக இருந்துகொண்டு தன்னை மேஜை என்று சொல்லிக்கொள்கிறது. தவறு அழிவில் இல்லை. தன் இனத்தை மறைப்பதில் இருக்கிறது.

இப்படி மறைப்பதற்குச் சரித்திரமும் உண்டு. ஆஸ்ராம், பிலிப்ஸ் முதலிய மின்விளக்குக் கம்பெனிகள் 1924இல் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணியை அமைத்தன. பல்பின் ஆயுள் 1,000 மணி என்று முடிவாயிற்று. அதைத் தாண்டி எரியும் பல்பைச் செய்தவருக்கு அபராதம். ஆயுளைக் கூட்டினால் வெளிச்சம் குறையும் என்ற தொழில்நுட்ப நியாயமும் அவர்களிடம் இருந்தது. அது முற்றிலும் பொய்யும் அல்ல. ஆனால் நன்றாகச் செய்ததற்கு அபராதம் என்ற ஏற்பாட்டை எந்த இழையின் பௌதிகமும் நியாயப்படுத்தாது. மவுஸுக்கு அப்படி ஒரு கூட்டணி இருப்பதாக நான் சொல்லவில்லை. இன்று அது தேவையுமில்லை. 'தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிருவோம்' என்று பதினேழு வயதில் ஒருவன் தானாகவே சொல்லிவிடுகிற இடத்தில் கூட்டணிக்கு வேலை என்ன?

4

இந்த வாதத்தை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது இரண்டு ஆட்சேபங்களை எழுப்பினார். இரண்டும் தட்டிக்கழிக்கக் கூடியவை அல்ல.

முதலாவது: பொருளைப் பேணுவது அறம் என்கிறாயே, அது கஞ்சத்தனத்தின் மறுபெயர் இல்லையா? நம் முன்னோர் எதையும் எறியாமல் பரணில் ஏற்றியது வறுமையால். அந்த வறுமைக்கு நீ இன்று தத்துவச் சட்டை தைக்கிறாய்.

இதில் உண்மை இருக்கிறது. எங்கள் வீட்டில் தாத்தாவின் மம்பட்டி என்று ஒன்று உண்டு. அப்பா காலத்தில் காம்பு மாறியது. சித்தப்பா காலத்தில் இலை மாறியது. இன்றும் அது தாத்தாவின் மம்பட்டிதான். கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்துக்கொண்டு, பலகை எல்லாம் மாறிய பின் அது அதே கப்பலா என்று தலையை உடைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தச் சந்தேகம் வந்ததில்லை. அது ஒரு பொருளாக இருந்த காலம் போய், தொடர்ந்து செய்யப்படும் ஒரு காரியமாக ஆகிவிட்டிருந்தது. கஞ்சன் பொருளைப் பயன்படுத்தாமல் காப்பவன். பேணுகிறவன் பயன்படுத்துவதற்காகக் காப்பவன். பரணில் ஏற்றியது கஞ்சத்தனம். காம்பு மாற்றியது வேறு.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. எல்லாப் பொருளும் நீடித்துவிட்டால் வேலை எங்கே? நீ சம்பளம் வாங்கும் வங்கிக் கிளை, உன் பஸ், நீ டீ குடிக்கும் கடை, எல்லாமே எரிந்து போகும் பொருளின் மேல் நிற்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்தபோது இந்த வட்டாரம் எப்படி ஆடிப்போயிற்று என்று நீயே பார்த்தாய். அழிவுதான் இங்கு கூலி.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. தீக்குச்சி செய்கிறவர் அழியும் பொருளைச் செய்கிறேன் என்று தெரிந்து செய்கிறார். வாங்குகிறவர் தெரிந்து வாங்குகிறார் என்று சொல்லலாம். பழுது பார்ப்பதும் ஒரு வேலைதான் என்றும் சொல்லலாம். அந்த மவுஸை நான் கொண்டுபோன செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காரர் சொன்னார்: "சுவிட்ச் இருபது ரூபா சார். என் கைக்கு நூறு ரூபா. ஆனா ஒருத்தரும் வர்றதில்ல. முந்நூறு ரூபாய்க்குப் புதுசே கிடைக்கும்போது எதுக்கு வருவாங்க?" இருபது ரூபாய்ச் சாமானுக்காக ஆயிரத்தெண்ணூறு ரூபாய்ப் பொருளை எறிகிறோம், எறிவது, செய்வதைவிட மலிவாக இருக்கிறது. செய்கிற கை எங்கோ மிக மலிவாகக் கிடைப்பதால்தான் எறிவது மலிவாகிறது என்பதை அந்தக் கணக்கு காட்டாது. நண்பரின் ஆட்சேபம் வேலையைப் பற்றிப் பேசியது. கையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் அதுவரை அது தோன்றவில்லை.

5

கடைக்காரர் வேலை முடிய ஒரு மணி நேரமாகும் என்றார். உட்கார்ந்து பார்த்தேன். அவர் பாதத்தைச் சூடு காட்டிக் கிழியாமல் எடுத்தார். பழைய சுவிட்சின் மூன்று கால்களிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சினார். புதியதை வைத்துப் பற்றவைத்தார். சுவிட்சை மாற்றாமலே இன்னொரு வழி உண்டு என்றும் சொன்னார்: சில மவுஸ்களில் காத்திருக்கும் நேரத்தை மென்பொருளில் கொஞ்சம் கூட்டிவிடலாம். நடுக்கம் அடங்கும்வரை அது பொறுத்திருக்கும். "வேகம் ஒரு பொட்டு குறையும். வயசாச்சுல்ல, கொஞ்சம் டைம் கொடுக்கணும்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் மிகவும் திருப்தியாக வீடு திரும்பினேன். ஒரு பொருளுக்கு நியாயம் செய்துவிட்ட திருப்தி.

மறுநாள் காலை கவுண்டரில் ஒரு மூதாட்டி. உதவித்தொகைப் பணம் எடுக்க வந்திருந்தார். கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தார், ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னேன், ஏற்கவில்லை. அவர் விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு வைத்தார். இந்த வித்தையை அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத்துக் கிழவிகள் எல்லோருக்கும் தெரியும். அப்போதும் ஏற்கவில்லை. "ஏழு வயசுல கட்டை அடுக்கப் போனேன் சாமி. ரேகையெல்லாம் அங்கயே தேஞ்சு போச்சு" என்றார். புகாராகச் சொல்லவில்லை. கருவி தப்பில்லை, தன் விரல்தான் என்று எனக்குச் சமாதானம் சொல்வதுபோல் சொன்னார்.

பணம் எடுக்கும் சீட்டில் மையால் கைநாட்டு வாங்கி, தெரிந்த ஒருவரின் சாட்சியோடு பணம் கொடுக்க வழி இருக்கிறது. நாலைந்து நிமிஷம் ஆகும். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். "நாளைக்கு வாங்க பாட்டி, மெஷின் சரியாயிரும்" என்றேன். மெஷினில் ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் "சரிப்பா" என்று போய்விட்டார்.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் அது என்னைப் பிடித்தது. மவுஸின் ஒரு சுவிட்சுக்காக ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கொடுத்தவன், ஒரு விரலுக்காக ஐந்து நிமிஷம் கொடுக்கவில்லை. கட்டை அடுக்குகிற விரல் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் குச்சிகளைத் தொடும்? எத்தனை வருஷம்? அந்த விரலுக்கு 2 கோடி என்றோ 5 கோடி என்றோ யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு வருஷ உத்தரவாதமும் இல்லை. சுவிட்சைச் சோதித்துப் பார்க்க ஒரு கம்பெனி இயந்திரம் வைத்திருக்கிறது. விரலை வேலையே சோதித்தது. முடிவு இத்தனை வருஷம் கழித்து என் கவுண்டரில் வந்தது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் பலர் எரிந்து செத்தது நாடெங்கும் தெரிந்தது. ஒரு நொடியில் போகும் உயிரை நாம் எண்ணுகிறோம். அறுபது வருஷத்தில் தேயும் ரேகையை எண்ணும் பழக்கம் நமக்கு இல்லை.

கருவிகளைப் பற்றி ஹைடெக்கர் 1927இல் சொன்ன ஒன்று தமிழில் நம்மவர்களால் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது: வேலை செய்துகொண்டிருக்கும் சுத்தியல் நம் கண்ணில் படுவதில்லை, உடையும்போதுதான் அது ஒரு பொருளாக நம் முன் நிற்கிறது. சரி. மவுஸ் உடைந்தபோது எனக்குத் தென்பட்டது. ஆனால் அந்த மூதாட்டி என் கவுண்டருக்கு வரும்வரை அவர் விரல் எனக்குத் தென்படவில்லை. கருவி ஏற்க மறுத்த பிறகும் எனக்குத் தென்பட்டது வரிசைதான். உடைந்ததெல்லாம் கண்ணில் படும் என்பது உடைமையாளனின் தத்துவம். எது நம்முடையதோ அது உடைந்தால் பார்க்கிறோம்.

6

பொருளைப் பேணுகிறவன் மனிதனையும் பேணுவான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நமது ஆயுத பூஜையின் அடியிலும் அதுதான் இருக்கிறது. எங்கள் கிளையிலும் அன்று கணினிக்கும் மவுஸுக்கும் சந்தனம், குங்குமம். குங்குமப் பொடி சக்கரத்தின் இடுக்கில் விழுந்து அடுத்த வாரம் அது நகராது. கருவியை வணங்குவதற்கும் அதைப் பேணுவதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. அந்த நம்பிக்கை பொய் என்பதற்கு நானே சாட்சி. ஞாயிற்றுக்கிழமை பேணிய கைதான் திங்கட்கிழமை திருப்பி அனுப்பியது. ஒன்றிலிருந்து இன்னொன்று தானாக முளைப்பதில்லை.

அப்படியானால் பொருளைப் பேணுவதில் என்ன அறம் மிஞ்சுகிறது? மிகச் சிறியது ஒன்று மிஞ்சுகிறது என்று நினைக்கிறேன். அந்த மவுஸைச் செய்த ஒருவர், தகடு நடுங்கும் என்று முன்கூட்டியே அறிந்து, நடுக்கத்தைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் காத்திருக்க ஒரு சில மில்லி வினாடிகளை ஒதுக்கியிருக்கிறார். பழுது பார்த்தவர், வயதானதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம் என்றார். பேணுதல் என்பது இந்த ஒதுக்கீடுதான். துடைப்பதும் எண்ணெயும் ஆல்கஹாலும் அதன் வெளித் தோற்றம். ஒரு பொருளின் ஆயுளை நிர்ணயிப்பது கம்பெனியா, பயனாளியா என்று நான் தொடக்கத்தில் கேட்டேன். ஆயுள் என்பது பொருளுக்குள் எழுதி வைத்த எண் என்று எடுத்துக்கொண்டதால் வந்த கேள்வி அது. தளர்கிற ஒன்றுக்கு எதிரில் இருப்பவன் எவ்வளவு நேரம் ஒதுக்கச் சம்மதிக்கிறானோ அதுவரை அதற்கு ஆயுள். இது சுவிட்சுக்கும் பொருந்தும், விரலுக்கும் பொருந்தும். ஆனால் சுவிட்சைப் பற்றி இதைக் கற்றுக்கொண்டால் விரலைப் பற்றியும் கற்றுக்கொண்டதாகிவிடாது. இரண்டாவது தடவை, தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கான செலவைப் பெரும்பாலும் வேறொருவர் கொடுக்கிறார். இந்த இடத்தில் ஒரு மூதாட்டி, இன்னொரு நாள் வந்து போன வகையில்.

அவர் புதன்கிழமை வந்தார். நான் வரிசையைப் பார்க்காமல் சீட்டை எழுதினேன். சாட்சிக்கு வரிசையில் நின்ற அவர் தெருக்காரர் ஒருவரையே கூப்பிட்டுக்கொண்டேன். மேஜை இழுப்பறையைத் திறந்து மைப்பெட்டியை எடுத்தால் அது காய்ந்து கட்டியாகி இருந்தது. எவ்வளவு நாளாக அப்படி இருந்ததோ, ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து மை வாங்கி வரச் செய்தேன். அதுவரை அவர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்.

மவுஸ் இப்போது சரியாக வேலை செய்கிறது. பையன் துடைக்கிறான் என்று அக்காள் சொல்கிறாள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. மைப்பெட்டியில் திங்கட்கிழமைதோறும் இரண்டு சொட்டு விட வேண்டும். விடாவிட்டால் இந்த ஊர்க் காற்றுக்கு ஒரு வாரத்தில் காய்ந்துவிடுகிறது.